பிளந்த அண்ணமும் பிளவுண்ட அறிவும்

மேல்வாய்க்குத் தமிழில் ‘அண்ணம்’ என்று பெயர். தொல்காப்பியர் காலந்தொட்டு வழங்கிவரும் தூய சொல் அது. அச்சொல்லை இற்றை மருத்துவமனைகளின் அறிவிப்புப் பலகைகளிலும் துண்டறிக்கைகளிலும் தேடுவார்க்குப் பல இடங்களில் கிடைப்பது ‘அன்னப்பிளவு’ என்னும் பிழைவடிவமே. அன்னம் என்பது ஒரு பறவையைக் குறிக்கும், சோற்றையும் குறிக்கும். பறவையும் பிளக்கவில்லை, சோறும் பிளக்கவில்லை. பிளந்திருப்பது ஒரு குழந்தையின் மேல்வாய். ஓரெழுத்துப் பிழைதானே என்று இதனை ஒதுக்கிவிடுவாரும் உளர். ஆனால், உறுப்பின் பெயரையே பிழைபட எழுதும் இடத்தில், அவ்வுறுப்பு ஏன் பிளந்தது, எப்பொழுது பிளந்தது, எவ்வாறு இணைக்கப்பெறும், இணைத்தபின் அக்குழந்தை எவ்வாறு பேசும் என்பவற்றையெல்லாம் பெற்ற தாய்க்கு அவள்தன் மொழியில் விளக்குவதற்கு எத்துணை அக்கறை இருக்கும்? இதுவே எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று இதழிலோ, அண்ணத்திலோ, இரண்டிலுமோ பிளவுடன் பிறக்கிறது. இப்பிளவை இணைக்கும் அறுவை இன்று அரிதானதன்று. நடுவணரசு 2013-இல் தொடங்கிய குழந்தைநலத் திட்டத்தின் பிறவிக்குறைப் பட்டியலில் இதழ்ப்பிளவும் அண்ணப்பிளவும் இடம்பெற்றுள்ளன. கட்டணமின்றி அறுவை செய்துதரும் மருத்துவமனைகளும் உள்ளன. ஆகவே, ஊசியும் நூலும் ஏழைத் தமிழனின் வாயில்வரை வந்துவிட்டன. அவற்றைப் பிறப்பித்த அறிவுதான் இன்னும் ஆங்கிலத்தின் மதிலுக்கு அப்பால் நிற்கிறது. குழந்தையின் அண்ணத்தை இணைக்கும் மருத்துவம், தன் அறிவுக்கும் மக்களுக்கும் இடையே உள்ள பிளவை இணைக்காமல் விட்டிருக்கிறது.

நிலவின்மேல் பழி, தாயின்மேல் சுமை

பிளவுற்ற இதழோடு ஒரு குழந்தை பிறந்தவுடன் ஊரார் முதலில் கேட்பது குழந்தையைப் பற்றியன்று, தாயைப் பற்றியே. ‘நிலா மறைப்பின்போது வெளியில் வந்தாளா? அருவாமனையைத் தொட்டாளா? காய் நறுக்கினாளா?’ என்னும் வினாக்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. ‘கிரகணம்’ என்னும் வடசொல்லோடு வந்து படிந்த அச்சம், பத்துத் திங்கள் சுமந்தவளைக் குற்றக் கூண்டில் நிறுத்துகிறது. குழந்தைக்கு ‘மூளி’ என்று பெயர். தாய்க்குத் ‘தீவினை செய்தவள்’ என்று பட்டம்.

இக்குருட்டு நம்பிக்கை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பழைய மெக்சிகோ நாட்டு மக்களும், நிலவு கடிபட்டு மறைவதாகவும், அதனைக் கண்ட தாயின் குழந்தைக்கு வாயில் அக்கடி விழுவதாகவும் நம்பினர். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே பொய் முளைத்ததற்குக் கரணியம் ஒன்றே: உண்மை தெரியாத இடத்தில் மாந்தன் கண்ணுக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொள்கிறான்.

ஒரு நிலா மறைப்பு நிகழ்கையில் ஞாலத்தின் இரவுப்பாதி முழுவதும் அதனைக் காணும். அப்பாதியில் கருவுற்றிருக்கும் பெண்டிர் கோடிக்கணக்கினர். அவர்தம் குழந்தைகள் எல்லாம் பிளவோடு பிறப்பதில்லை. மறைப்பே நிகழாத திங்களில் கருவுற்ற குழந்தைகளுள்ளும் பிளவுற்றவை உண்டு. இவ்வளவு எளிய ஏரணமும் ஊருக்குள் செல்லாமல் நிற்பதற்குக் கரணியம் மக்களின் அறிவின்மை என்று கூறிவிடுவது நேர்மையாகாது. பொய்யை ஊர்மொழியில் விதைத்துவிட்டு உண்மையை அயல்மொழியில் பூட்டிவைத்தால், பொய்யன்றி வேறெது விளையும்?

முகம் அமையும் முறை

உண்மை என்ன? அது பொய்யைவிட வியப்புக்குரியது.

கருவுற்ற நாளிலிருந்து ஏழேழு நாள்களாக எண்ணப்பெறும் கிழமைக் கணக்கில், நான்காம் கிழமையில் கருவுக்கு முகமென்று ஒன்றில்லை. வாயாகப் போகும் ஒரு பள்ளத்தைச் சுற்றி ஐந்து மொட்டுகள் மட்டும் எழுகின்றன. மேலே நெற்றியும் மூக்குமாகப் போகும் மொட்டு ஒன்று, இருபுறமும் மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. இவை வளர்ந்து ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. ஆறு, ஏழாம் கிழமைகளில் மேல்தாடை மொட்டு நடுமூக்குப் பகுதியோடு பொருந்தி மேலிதழாகிறது. அவ்விடத்தில் பொருந்தாமல் நின்றால் இதழ்ப்பிளவு.

அண்ணத்தின் கதை சற்றுப் பிந்தியது. வாயின் இருபுறத்திலிருந்தும் இரண்டு தட்டுகள் முதலில் நாவின் இருமருங்கிலும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. பின் நாக்குத் தாழ, அவை மேலெழுந்து கிடைநிலைக்கு வந்து, நடுவில் ஒன்றோடொன்று முட்டி இணைகின்றன. பன்னிரண்டாம் கிழமையளவில் இப்பணி முடிகிறது. பெண் கருவில் தட்டுகள் மேலெழுவது ஆண் கருவினும் சில நாள் பிந்துகிறது. அண்ணம் மட்டும் பிளந்த குழந்தைகளுள் பெண்கள் மிகுந்திருப்பதற்கு இது ஏதுவாகலாம் என்பர் ஆய்வாளர். இதழ்ப்பிளவோ ஆண் குழந்தைகளிடமே மிகுதி. அதிலும் இடப்புறமே மிகுதி.

தட்டுகள் முட்டினால் மட்டும் போதாது. இரண்டின் விளிம்பிலும் உள்ள மேற்றோல் கண்ணறைகள் முதலில் ஒட்டிப் பின் மறைந்தாக வேண்டும். அவற்றுள் பல மாய்ந்து வழிவிடுகின்றன. அதன்பின்னரே உள்ளிருக்கும் தசையும் எலும்பும் ஒன்றாகின்றன. மாய வேண்டிய கண்ணறை மாயாவிடினும் பிளவு நேரலாம். அழிவும் ஆக்கத்தின் ஒரு கூறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் உடலில் அரிது.

இம்மொட்டுகளின் எலும்பும் குருத்தெலும்பும் எங்கிருந்து வந்தன? 1868-இல் வில்கெல்ம் இசு என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் கோழிக்கருவை ஆய்கையில், பின்னாளில் தண்டுவடமாகப் போகும் நரம்புக்குழலின் முகட்டருகே ஒரு கண்ணறைக் கூட்டத்தைக் கண்டார். அது ‘நரம்புமுகடு’ எனப்பெற்றது. அக்கண்ணறைகள் எங்கெங்குச் செல்கின்றன என்பதை அறியப் பின்னும் நூறாண்டு ஆயிற்று. 1969-இல் பிரான்சு நாட்டு நிக்கோல் லெ துவாரன் என்னும் பெண்மணி ஒரு நுட்பம் கண்டார். காடையின் கண்ணறைக்கருவும் கோழியின் கண்ணறைக்கருவும் சாயமேற்றி நோக்கினால் வேறுவேறாகத் தெரியும். ஆகவே, காடைக்கருவின் ஒரு துணுக்கைக் கோழிக்கருவில் பதித்துவிட்டால், காடையின் கண்ணறை எங்குச் சென்றாலும் தன் அடையாளத்தோடே செல்லும். இவ்வழியால், முகத்தின் எலும்பும் குருத்தெலும்பும் பெரும்பாலும் நரம்புமுகட்டிலிருந்து புறப்பட்டு வந்த கண்ணறைகளால் ஆனவை என்பது நிலைநாட்டப்பெற்றது. அறுவைக்கூடத்தில் தைக்கப்பெறும் இதழின் வரலாறு, ஒரு காடைமுட்டைக்குள் படிக்கப்பெற்ற வரலாறே.

தாய் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. பல தாய்மார் தாம் கருவுற்றதை உறுதி செய்துகொள்ளும் முன்பே முகம் அமையும் பணி தொடங்கிவிடுகிறது. ஐந்தாம் திங்களில் காய் நறுக்கியதற்கும், ஏழாம் திங்களில் வானம் பார்த்ததற்கும், மூன்றாம் திங்களோடு முடிந்துபோன ஒரு பணியோடு என்ன தொடர்பு?

உண்மையான கரணியங்களும் ஒருவாறு தெரிந்துள்ளன. கீழிதழில் சிறுகுழிகளும் பிளவும் குடிவழியாகத் தோன்றும் ஒரு வகைக்கு ஏதுவான மரபன் 2002-இல் கண்டறியப்பெற்றது. மேற்றோல் கண்ணறைகள் முறையாக முதிர்வதற்கு அம்மரபன் தேவை. ஆயினும் பெரும்பாலான பிளவுகளுக்குத் தனியொரு மரபனைச் சுட்ட இயலாது. பல மரபன்களும் சூழலும் கூடி நேர்வது அது. கருவுற்ற தொடக்கத்தில் புகைபிடித்தல், கள்ளும் சாராயமும், கட்டுக்கடங்காத நீரிழிவு, வலிப்புக்குத் தரப்பெறும் சில மருந்துகள் ஆகியவை வாய்ப்பை மிகுவிக்கின்றன. வலிப்பு மருந்து உண்பார் தாமாக அதனை நிறுத்திவிடுதலும் இடரே. கருவுறுமுன் மருத்துவரைக் கலந்துகொள்வதே முறை. பெற்றோர்க்குப் பிளவின்றி முதற்குழந்தை பிளவோடு பிறந்தால், அடுத்த குழந்தைக்கும் அவ்வாறு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 5 வரையே. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நம்பிக்கையை மறைத்துவிட்டுத் தாயைச் சபிப்பதோ குமுகாயத்தின் கடமை?

சொல்லும் பொருளும்

இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல இயலாது என்பார் ஒரு சாரார். மேற்கூறிய பகுதி அவர்க்கு விடையாகும். ஆயினும் சொற்களின் பிறப்பையும் அவர் அறிதல் வேண்டும்.

1665-இல் இங்கிலாந்தின் இராபர்ட்டு ஊக்கு என்பார் தக்கைச் சீவலை உருப்பெருக்கியின்கீழ் நோக்கி, அதில் சிறுசிறு அறைகளைக் கண்டார். அவற்றுக்குச் ‘சிற்றறை’ என்று பொருள்படும் சொல்லையே இட்டார். அஃதொன்றும் வானிலிருந்து வந்த சொல்லன்று. துறவியர் தங்கும் சிற்றறைக்கு வழங்கிய சொல். அதே பொருளைத் தமிழின் ‘கண்ணறை’ கூறுகிறது. 1941-இல் பசலையினக் கீரையிலிருந்து பிரித்தெடுத்த உயிர்ச்சத்துக்கு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ‘போலிக்’ என்று பெயரிட்டனர். அதனைத் தமிழில் ‘இலைச்சத்து’ என்றால் நகைப்பாரும் உளர். இலத்தீனில் இலை என்றால் அறிவியல். தமிழில் இலை என்றால் நாட்டுப்புறம்! அடிமை மனம் சொல்லை எடைபோடும் தராசு இவ்வாறு கோணியே நிற்கும்.

அவ்விலைச்சத்தைக் கருவுறுமுன்பே உட்கொண்டால் தண்டுவடப் பிளவு பெரிதும் குறையும் என்பதை, முன்பே அவ்வாறு குழந்தை பெற்ற தாய்மாரைக் கொண்டு நடந்து 1991-இல் வெளிவந்த ஆய்வு ஐயமற நிறுவியது. இதழ்ப்பிளவையும் அது தடுக்குமா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. உள்ளதை உள்ளவாறும், முடியாததை முடியாதவாறும் கூறுவதே அறிவியல். தமிழில் கூறுகையிலும் அந்நேர்மை குறைதலாகாது.

இங்குத் தமிழ்ப்பற்றாளர்க்கும் ஒரு சொல் உரியது. கலைச்சொல் ஆக்குவதோடு கடமை முடிந்ததாகக் கருதுதல் தவறு. நரம்புமுகடு என்று பெயரிட்டுவிட்டு, அஃது எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பதை அறியாதிருப்பவன், பூட்டுக்குப் பெயர்சூட்டித் திறவுகோலைத் தொலைத்தவன். சொல்லைத் தூய்மைப்படுத்துவோர் பொருளையும் கற்றாக வேண்டும். கற்றால்தான் எச்சொல் நிற்கும், எச்சொல் வீழும் என்பதும் விளங்கும்.

அம்மா வரும், அப்பா வராது

அறுவைக்கு வருவோம் என்று ஊர்தோறும் தாய்மார் புறப்படுகின்றனர். இதழைப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு திங்களுக்குள் இணைக்கின்றனர். 1950-களில் அமெரிக்க அறுவையாளர் இரால்பு மில்லார்டு வகுத்த, ஒருபுறத்தைச் சுழற்றி மறுபுறத்தை முன்னகர்த்தும் முறை இன்றும் உலகெங்கும் கையாளப்பெறுகிறது. தழும்பு மெல்ல மங்கும். கண்டோர் மகிழ்வர். ஆனால் அண்ணத்தின் அறுவைக்கு அழகன்று, பேச்சே அளவுகோல்.

மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைத்தால்தான் வாய்க்குள் காற்றழுத்தம் நிற்கும். அழுத்தம் நின்றால்தான் வல்லெழுத்துப் பிறக்கும். தொல்காப்பியத்தின் பிறப்பியல், ஒலிப்பிறப்புக்குரிய உறுப்புகள் எட்டனுள் பல், இதழ், நா ஆகியவற்றோடு மூக்கையும் அண்ணத்தையும் வைக்கிறது. பகரமும் மகரமும் இரண்டிதழும் பொருந்தப் பிறப்பவை என்றும், மெல்லெழுத்துக்கு மூக்கின் வளி உண்டு என்றும் அது பகுத்துக் கூறுகிறது. இற்றைப் பேச்சு மருத்துவம் பிளவுண்ட குழந்தையிடம் காண்பதும் இதுவே. அண்ணம் மூடாத குழந்தைக்கு ம, ந, ன போன்ற மூக்கொலிகள் எளிதில் வரும். க, ச, ட, த, ப என்னும் அழுத்த ஒலிகள் மூக்கின் வழியே ஒழுகிப்போகும். அக்குழந்தை ‘அம்மா’ என்று சொல்லிவிடும். ‘அப்பா’ என்று சொல்ல முயலும். அதுவும் ‘அம்மா’ போலவே ஒலிக்கும். அறிவில் குறையில்லை, அன்பில் குறையில்லை. காற்றை நிறுத்தும் கதவு ஒன்று மூடவில்லை. அதனை அறியாத பள்ளியோ அக்குழந்தையை மந்தன் என்று கடைசி வரிசைக்குத் தள்ளுகிறது. காதின் நடுப்பகுதியில் நீர் கட்டிக் கேள்வியும் குறையுமாதலின், இருமுறை ஒறுக்கப்பெறுகிறது.

அண்ணத்தை எப்பொழுது இணைத்தால் பேச்சு நன்கமையும் என்பதை அறிய 558 குழந்தைகளைக் கொண்டு நடந்த பேராய்வு ஒன்றின் முடிவு 2023-இல் வெளிவந்தது. ஆறாம் திங்களில் அறுவை பெற்ற குழந்தைகளுள், ஐந்தாம் அகவையில் அண்ண மூடல் போதாதிருந்தவை 8.9 விழுக்காடு, பன்னிரண்டாம் திங்களில் பெற்றவற்றுள் 15 விழுக்காடு. காலம் தாழ்த்தலாகாது என்பது இதன் பாடம். ஆயின், பாதுகாப்பான மயக்க மருந்தும் தேர்ந்த கைகளும் உள்ள இடத்திற்கே இப்பாடம் பொருந்தும். அவ்வாய்வு நடந்த நாடுகள் இங்கிலாந்து அடங்கிய பிரித்தானியம், டென்மார்க்கு, நார்வே, சுவீடன், பிரேசில் என்பன. ஐந்து நாட்டுக் குழந்தைகளின் பேச்சும் அவரவர் தாய்மொழியிலேயே அளக்கப்பெற்றது. பேச்சை வேறெம்மொழியில் அளப்பது?

தமிழ்க் குழந்தைக்கோ? பெருநகரில் சில இடங்களில் தமிழொலிகளைக் கொண்டே பயிற்சி தருவோர் உளர், அவர் போற்றத்தக்கவர். ஊர்ப்புறத்துக் குழந்தைக்கு அது கிட்டுவதில்லை. தமிழில் வல்லெழுத்து இரட்டிக்கையில் வன்மையாகவும், உயிர்களின் நடுவே தனித்து வருகையில் மென்மையாகவும் ஒலிக்கும். ‘பக்கம்’ என்பதன் ககரமும் ‘பகல்’ என்பதன் ககரமும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறியாத அயல்மொழிச் சொற்பட்டியல் தமிழ்க் குழந்தையின் நாவுக்கு என்ன செய்யும்? ‘தாத்தா பட்டுச் சட்டை’ என்னும் மூக்கொலியற்ற தொடரைச் சொல்லச்செய்து, மூக்கின்கீழ் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்தால், அதில் படரும் ஆவியே கதவு மூடவில்லை என்பதைக் காட்டிவிடும். ஊர்ப் பள்ளியாசிரியரும் செய்து பார்க்கத்தக்க இவ்வெளிய அறிவை அவரிடம் சேர்ப்பார் யார்?

யாழ்ப்பாணம் காட்டிய வழி

தமிழில் மருத்துவம் கற்பித்தல் கனவன்று. நடந்து முடிந்த வரலாறு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860-களில் ஆங்கிலத்தை விடுத்துத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். அறுவை நூலும், உடற்கூற்று நூலும், மகப்பேற்று நூலும் அவராலும் அவர்தம் தமிழ் மாணவராலும் தமிழில் வந்தன. ‘இரண வைத்தியம்’, ‘அங்காதிபாதம்’ என அவர் இட்ட பெயர்களில் வடசொல் மிகுதி என்பது உண்மை. அக்காலத்து நிலை அது. எனினும் அவர் நாட்டிய கொள்கை பெரிது: மருத்துவன் தன் மக்களிடையே வாழ வேண்டுமாயின் மக்கள் மொழியில் கற்க வேண்டும். கடல்கடந்து வந்தவர்க்குத் தெரிந்த உண்மை, தமிழ் மண்ணில் பிறந்தவர்க்கு இன்னும் விளங்கவில்லை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பிரிவுகள் சில தமிழில் தொடங்கப்பெற்றன. தமிழ்நாட்டில் மருத்துவப் பட்டப்படிப்போ இன்றும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது.

‘தமிழில் கற்றால் உலக ஆய்வில் பங்கேற்க இயலாது’ என்பது பழைய அச்சுறுத்தல். மேற்கூறிய பேராய்வே அதற்கு விடை. நார்வேயின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 இலக்கம். டென்மார்க்கினது ஏறத்தாழ 60 இலக்கம். அவர்தம் மருத்துவ மாணவர் தம் தாய்மொழியில் கற்கின்றனர். ஆங்கிலத்தை ஒரு கருவியாகக் கையாண்டு உலகோடு உறவாடுகின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6.9 கோடி. ஐம்பத்தைந்து இலக்கம் பேர்க்கு இயல்வது ஏழு கோடிப் பேர்க்கு இயலாதாம்! இயலாமை மொழியில் இல்லை, முதுகெலும்பில் இருக்கிறது.

செய்ய வேண்டுவன

முதற்கண், பிளவறுவை நடைபெறும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒப்புதல் தாளும் விளக்கத் தாளும் நல்ல தமிழில் தரப்பெற வேண்டும். தாய் தனக்கு விளங்காத தாளில் கைவரைந்தால் அஃது ஒப்புதல் ஆகாது, அடிபணிதலே ஆகும். ‘இது உன் குற்றமன்று’ என்னும் வரி அத்தாளின் முதல் வரியாக அமைதல் வேண்டும்.

அடுத்து, தமிழொலி இலக்கணத்தை அடியாகக் கொண்ட பேச்சுப் பயிற்சி நூல் ஒன்று மாவட்டந்தோறும் சென்று சேர வேண்டும். மொழியறிஞரும் பேச்சு மருத்துவரும் ஒருங்கமர்ந்தால் அது விரைவில் கைகூடும். தொல்காப்பியத்தை மேடையில் போற்றுவோர், ஒரு குழந்தையின் வாயில் ‘அப்பா’ என்னும் சொல் பிறப்பதற்கு அதனைப் பயன்படுத்தட்டும்.

மூன்றாவதாக, கருவளர்ச்சியியலும் கண்ணறையியலும் பள்ளி மேல்வகுப்பிலிருந்தே தமிழில் ஆழமாகக் கற்பிக்கப்பெற வேண்டும். முகம் எவ்வாறு அமைகிறது என்பதைப் பதினேழாம் அகவையில் தாய்மொழியில் கற்ற பெண், இருபத்தைந்தாம் அகவையில் நிலவைக் கண்டு அஞ்சமாட்டாள். அவளைக் கூண்டில் நிறுத்த ஊராராலும் இயலாது.

நான்காவதாக, ‘மூளி’ என்னும் சொல்லைத் தமிழர் தம் நாவிலிருந்து அகற்ற வேண்டும். அயற்சொல்லைக் களைவது மொழித்தூய்மை. இழிசொல்லைக் களைவது உள்ளத்தூய்மை. பின்னது இன்றி முன்னதற்குப் பெருமையில்லை.

கருவில் இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று நோக்கி எழுந்து வந்து இணைந்தாலன்றி அண்ணம் அமையாது. ஒன்று மட்டும் வளர்ந்து பயனில்லை. மருத்துவம் கற்றோர் தமிழை நோக்கி வரட்டும். தமிழ் கற்றோர் மருத்துவத்தை நோக்கிச் செல்லட்டும். இவ்விரு சாராரும் எட்டநின்று ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும், எங்கோ ஒரு தாய் செய்யாத குற்றத்திற்காகத் தலைகுனிந்து நிற்கிறாள். ஒரு குழந்தை தன் தந்தையை அழைக்க இயலாமல் நிற்கிறது. தமிழ் வாழ்க என முழங்குவோரே, அக்குழந்தையின் வாயிலும் தமிழ் வாழ வேண்டும்!